குடும்ப செடான்: அழகா, ஓட்டமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலக்கடைப் பக்கம் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். கார் மேடையில் ஏறி நிற்கும் நேரத்தில் அதன் சொந்தக்காரருக்கு வேலை எதுவும் இருக்காது. டீ குடிப்பார், அடுத்த காரைச் சுற்றி வந்து பார்ப்பார், அப்புறம் ஏதாவது கேட்பார். கேள்விகள் பெரும்பாலும் அதேதான், ஆள் மட்டும்தான் மாறுகிறார். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். அளவுகளெல்லாம் கம்பெனிகள் தருபவை. அழகைப் பற்றிய தீர்ப்பு மட்டும் என்னுடையது, சண்டைக்கு வரலாம்.

"அண்ணா, செடான்னா சரியா என்ன? டிக்கி வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா போதுமா?"

கிட்டத்தட்ட அவ்வளவுதான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் மூன்று பெட்டி தெரிய வேண்டும்: முன்னால் இன்ஜின், நடுவில் ஆட்கள், பின்னால் சாமான். டிக்கியைத் திறந்தால் மூடி மட்டும் எழும்பும், பின் கண்ணாடி இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்கோடா ஆக்டேவியா மட்டும் இதில் கொஞ்சம் குறும்பு. உருவம் செடான், ஆனால் கண்ணாடியும் சேர்ந்தே மேலே போகும்.

நம் நாட்டில் செடான் சின்னது, பெரியது என்று இரண்டாகப் பிரிந்து நிற்பதற்குக் காரணம் வரி. 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு மேல் நீளாத, பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி தாண்டாத கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். உடனே கம்பெனிகள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டன. 2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ் அந்த நீளத்துக்குள் வந்தது. அதே வருஷம் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மி.மீ. இருந்தது, 2012-ல் வந்த அடுத்த டிசையர் 3,995 மி.மீ. வெட்டு விழுந்தது டிக்கியில்தான்.

இன்றும் அதே கோடுதான். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அளவுக்குள் அடங்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. கீழே "சின்ன செடான்", "பெரிய செடான்" என்று நான் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

"இப்ப புதுசா வாங்கணும்னா என்னென்ன இருக்கு?"

சின்ன செடானில் மாருதி டிசையர், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர். பெரிய செடானில் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா. மாருதி சியாஸ் 2025-ல் நின்றுவிட்டது. இந்த எட்டில் டீசல் ஒன்றுகூட இல்லை. சிட்டியும் வெர்னாவும் 2023-லேயே டீசலைக் கைவிட்டன. கொரோலா, சிவிக் எல்லாம் செகண்ட் ஹேண்டில்தான்.

"இருக்கறதுலயே எது அழகு? மழுப்பாம சொல்லுங்க."

விர்டஸ். காரணத்தையும் சொல்கிறேன். ஹெட்லைட் மூலையில் தொடங்கும் கோடு கதவுப்பிடி வழியாக நேராகப் போய் டெயில் லைட்டில் முடிகிறது, வழியில் எங்கேயும் நெளியவில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு ஓட்டை தெரியவில்லை. ஸ்லாவியா அடியில் அதே கார்தான், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்கூட அதே 2,651 மி.மீ.; மேல் தகட்டில் மட்டும் மடிப்புகள் கூர்மை. ஸ்லாவியாதான் அழகு என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

சிட்டி ஒழுங்கான பிள்ளை மாதிரி இருக்கும், குறையும் சொல்ல முடியாது, திரும்பியும் பார்க்க மாட்டோம். 2020-ல் வந்தபோது முகத்தில் கட்டியிருந்த குரோம் பட்டை ரொம்பத் தடிமன், 2023-ல் அதை இளைக்க வைத்தார்கள், இப்போது பரவாயில்லை. என்னைக் கேட்டால் சிட்டிகளிலேயே அழகு 2008-ல் வந்த மூன்றாம் தலைமுறைதான். மூக்கு அம்பு மாதிரி, முகத்திலிருந்து கூரை வரை ஒரே ஓட்டத்தில் ஏறும். இத்தனை வருஷம் கழித்தும் அது மேடையில் ஏறும்போது நல்ல பெயிண்ட் இருந்தால் புதுக் கார்க்காரர்களே நின்று பார்க்கிறார்கள்.

வீட்டில் சண்டை வராமல் நீங்களே முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது. முகத்தைப் பார்க்காதீர்கள். ஷோரூம் விளக்கில் எல்லா முகமும் ஜொலிக்கும். வெளியே நிறுத்தச் சொல்லி, நாலு கார் நீளம் தள்ளிப் போய், பக்கவாட்டில் மட்டும் பாருங்கள். முன் சக்கரத்துக்கு முன்னால் எவ்வளவு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது, பின் கதவுக்குப் பின்னால் டிக்கி தானாக முளைத்திருக்கிறதா, கொண்டுவந்து ஒட்டியதா என்பது அங்கிருந்துதான் தெரியும்.

"வெர்னா மூஞ்சி என் பையனுக்குப் பிடிக்குது, எனக்கு அறவே பிடிக்கல. யார் சொல்றது சரி?"

2023-ல் வந்த இந்த வெர்னாவைப் போல வீட்டை ரெண்டாக்கிய செடான் சமீபத்தில் இல்லை. பானெட் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கோடாக எல்இடி பட்டை, கதவுகளில் முக்கோணம் முக்கோணமாக வெட்டு, பின்பக்கம் கூரை சரிந்து டிக்கியில் கலந்துவிடும் கூபே வடிவம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது கார்ட்டூன். இருபதுகளில் இருப்பவர்களுக்கு மற்ற மூன்றும் ஆபீஸ் கார்.

என் கண்ணுக்குப் பின்பக்கம் பிரமாதம், முன்பக்கம் ராத்திரியில் மட்டும் பிரமாதம், பக்கவாட்டில் ஒரு வெட்டு அதிகம். ஆனால் பையன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. 2011-ல் 'ஃப்ளூயிடிக்' வெர்னா வந்தபோதும் அப்பாக்கள் இதையேதான் சொன்னார்கள். அடுத்த வருஷமே அந்த அப்பாக்களில் பலர் அதை வாங்கி ஓட்டினார்கள். கூரைச் சரிவால் பின் சீட்டில் என்ன ஆகிறது என்பது வேறு விஷயம், அது கீழே முட்டிவலிக் கேள்வியில் வருகிறது.

"டிசையர் வாங்கினா டாக்ஸின்னு நினைப்பாங்கன்னு வீட்ல சொல்றாங்க..."

நினைப்பார்கள். சென்ட்ரலில் போய் நின்றீர்கள் என்றால் யாராவது ஒருவர் ஓடிபி சொல்லிக்கொண்டே கதவைத் திறப்பார். அதற்காகக் கார் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. டாக்ஸிக்காரர் வெட்டிக்கு எதையும் வாங்க மாட்டார். பெட்ரோல் செலவு, ஸ்பேர் விலை, டிக்கி எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் வாங்குவார். டொயோட்டா எடியோஸ் இப்படித்தான் டாக்ஸியாகவே பெயர் வாங்கிப் போனது. அம்பாசடரும் அப்படித்தான், 2014-ல் உத்தரபாராவில் உற்பத்தி நிற்கும்வரை மந்திரி வண்டியும் அதுதான், ரயில் நிலைய வாசல் டாக்ஸியும் அதுதான். யாரும் கூச்சப்படவில்லை.

2024 நவம்பரில் வந்த புது டிசையர் முதல்முறையாக ஸ்விஃப்ட் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தனி முகத்தோடு வந்திருக்கிறது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரமும் வாங்கியது. வெள்ளையைத் தவிர்த்து ஒரு சிவப்போ நீலமோ எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

"நம்ம ஏரியா ரோட்டுக்கு செடான் சரியா வருமா? அடி தட்டாதா?"

தட்டும் இடங்கள் இருக்கின்றன. நான் தினமும் காரை அடியிலிருந்து பார்ப்பவன். செடானில் காயம் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று, முன் பம்பரின் கீழ் உதடு: பார்க்கிங் கட்டையிலும், வீட்டு வாசல் சாய்தளத்திலும் உரசிக் கருப்பு பிளாஸ்டிக் வெள்ளையாக வெளுத்திருக்கும். இன்னொன்று, கதவுகளுக்கு நேர் கீழே நடுவயிறு: நாலைந்து பேரோடு வேகத்தடையில் இறங்கும்போது குறுக்காக ஒரு நீளக் கீறல். இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது.

விர்டஸ், ஸ்லாவியாவுக்கு 179 மி.மீ. தரை இடைவெளி, அமேஸுக்கு 172, சிட்டி, வெர்னாவுக்குச் சுமார் 165, டிசையருக்கு 163. இது ஆள் ஏறாத காரின் கணக்கு. ஆட்கள் ஏறினால் பின்பக்கம் இறங்கும். அதோடு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் கூடக் கூட, வேகத்தடையின் முகடு வயிற்றைத் தொடும் வாய்ப்பு கூடும். டிசையரில் அந்தத் தூரம் 2,450 மி.மீ., வெர்னாவில் 2,670. அதனால் 163 மி.மீ. டிசையர் தப்பிக்கும் மேட்டில் 165 மி.மீ. வெர்னா உரசலாம். மி.மீ. கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

நடைமுறையில், மாதவரம், மூலக்கடை, பெரம்பூர், கொளத்தூர் பக்கம் மெட்ரோ வேலைக்குப் போட்ட தற்காலிகத் தார் மேடுகளில் முழு லோடோடு குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள், தட்டாது. ஆனால் வீடு இருக்கும் தெருவே ரோட்டிலிருந்து அரை அடி பள்ளத்தில் இருந்தால், வாங்குவதற்கு முன் அந்த வாசலில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

"மழைல கணேசபுரம் சப்வேல செடான் போகுமா?"

தண்ணீர் நிற்கிறதென்றால் எந்தக் காரும் போகக் கூடாது. செடானில் காற்று உறிஞ்சும் வாய் எஸ்யூவியை விடத் தாழ்வாக இருக்கும். அதற்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்த்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளி வெளியே கொண்டுவாருங்கள். சாதாரண இன்சூரன்ஸில் இது பொதுவாக வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை ஆட்கள் அதைச் சேர்க்காமல் பாலிசி எடுக்காதீர்கள்.

"'ஓட்ட நல்லா இருக்கும்'னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன? எல்லா காரும் ஓடத்தானே செய்யுது?"

மூன்று விஷயம். ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு திருப்பினால் கார் உடனே, அதே அளவு திரும்புகிறதா? பள்ளத்தில் விழுந்தால் ஒரு முறை ஆடி நிற்கிறதா, இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடுகிறதா? காலை அழுத்தும் அளவுக்கு வேகமோ பிரேக்கோ வருகிறதா, இல்லை ஒன்றும் வராமல் இருந்து திடீரென்று வருகிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் காரை நினைத்த இடத்தில் வைக்க முடியும். எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவே போகும்போது அதுதான் வேண்டும்.

செடானின் பலமே தாழ்வாக உட்கார்வதுதான். எடை தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் வளைவில் சாய்வு குறைவு, கடற்கரை ஓரக் குறுக்குக் காற்றில் அலைக்கழிப்பும் குறைவு. இந்த விஷயத்தில் விர்டஸும் ஸ்லாவியாவும் முன்னால், சிட்டி அடுத்து, வெர்னா அதற்கடுத்து. வெர்னா மோசம் என்று அர்த்தமில்லை, அது பின் சீட்டுக்காரர்களை நினைத்து மெத்தென்று வைத்திருக்கிறார்கள். சின்ன செடானில் அமேஸ் நேர்க்கோட்டில் நிதானம், டிசையர் எடை குறைவால் சந்துகளில் சுறுசுறுப்பு.

"அதே காசுக்கு எஸ்யூவி வருதே ப்ரோ? உசரமா இருக்கும், கெத்தா இருக்கும்."

வருகிறது. உயரமாக உட்கார்வது, ஏறி இறங்கும் சுகம், பள்ளத்தைப் பற்றிய பயமின்மை, மூன்றும் நிஜம். ஆனால் பல காம்பாக்ட் எஸ்யூவிகள் அதே கம்பெனியின் ஹாட்ச்பேக்கையோ செடானையோ கொஞ்சம் தூக்கி நிறுத்தியவை. ஃபோக்ஸ்வேகனின் டைகுன் எஸ்யூவியும் விர்டஸும் ஒரே அடித்தளம், ஒரே இன்ஜின்கள். தூக்கி நிறுத்தியதால் சாய்வு கூடும், அதைக் கட்டுப்படுத்த ஸ்பிரிங்கை இறுக்குவார்கள், இறுக்கினால் சின்னப் பள்ளங்கள் இடுப்பில் தெரியும். டிக்கியிலும் செடானுக்குத்தான் ஜெயம்: வெர்னா 528 லிட்டர், விர்டஸ், ஸ்லாவியா 521, சிட்டி 506.

கெத்து வேண்டும் என்றால் எஸ்யூவி எடுங்கள், தப்பில்லை. ஓட்டுவது பிடிக்கும் என்றால் ஒருமுறை செடானை ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

"டெஸ்ட் டிரைவ்ல ஷோரூம் ஆளு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய் இறக்கி விட்டுடறாரு. அதுல என்ன தெரியும்?"

ஒன்றும் தெரியாது. அவர் நல்ல ரோட்டில்தான் கூட்டிப் போவார், ஏசியை முழுசாக வைப்பார், பாட்டு போடுவார். பாட்டை முதலில் நிறுத்துங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லும் வழி: மூலக்கடையிலிருந்து ஜிஎன்டி ரோட்டில் மாதவரம் ரவுண்டானா வரை நெரிசலில் ஊர்ந்து போங்கள். அங்கே கிளட்ச் எடை, ஆட்டோமேட்டிக் என்றால் வெட்டி வெட்டிப் போகிறதா என்பது தெரியும். அப்படியே புழல், செங்குன்றம் தாண்டிக் காரனோடை பக்கம் 80, 90-ல் போங்கள். ஸ்டியரிங் அந்த வேகத்தில் கையில் கனக்க வேண்டும், லேசாகவே இருந்தால் யோசியுங்கள். திரும்பும்போது லாரிகள் பிசைந்து வைத்திருக்கும் மணலி பக்கத்து ரோட்டில் 40-ல் வந்தால் சஸ்பென்ஷன் தன் கதையைச் சொல்லிவிடும். பின் சீட்டில் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்த வழியில் ஒரு சரித்திரமும் உண்டு. இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் இருந்தது, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் ரேஸ் நடத்தியது அங்கேதான். இருங்காட்டுக்கோட்டை டிராக் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தது. தாத்தாவிடம் கேட்டால் கூட்டத்தைப் பற்றிச் சொல்வார். அதற்காக நீங்கள் அங்கே போய் ரேஸ் ஓட்ட வேண்டாம்.

"டர்போ எடுக்கணுமா? சாதா இன்ஜினே போதுமா?"

சிட்டியின் 1.5 லிட்டர் டர்போ இல்லாத இன்ஜின் 121 குதிரைத்திறன். விர்டஸ், ஸ்லாவியாவின் 1.0 லிட்டர் டர்போ 115, ஆனால் இழுவை 178 நியூட்டன் மீட்டர், சிட்டியில் 145. பெரிய 1.5 டர்போக்களில் ஃபோக்ஸ்வேகன் 150 குதிரைத்திறன், வெர்னா 160. காகிதத்தில் வெர்னா எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஈர ரோட்டில் காலை முழுக்க அழுத்தினால் முன் டயர் சுழன்று ரப்பரையும் தின்னும், டயர் கடைக்காரனாக எனக்கு ஆட்சேபணை இல்லை.

நெரிசலில் சிட்டி இன்ஜின்தான் சுகம். காலை வைத்த உடனே, வைத்த அளவுக்கு நகரும். 1.0 டர்போ கீழ் வேகத்தில் ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் பாயும், மூன்று சிலிண்டர் என்பதால் ஓரமாக நிற்கும்போது லேசான நடுக்கமும் தெரியும். ஆனால் வாரம் ஒருமுறை நெல்லூரோ திருப்பதியோ போகிறவர் என்றால் டர்போவில் லாரியைத் தாண்டும் தைரியம் தனி. 150, 160 எல்லாம் குடும்பத்தோடு போகும்போது தேவைப்படாது, தனியாகப் போகும்போது ஆசைப்படலாம்.

"ஆட்டோமேட்டிக்ல ஏகப்பட்ட பேரு இருக்கே, ஏஎம்டி, சிவிடி, டிசிடி... எது நல்லது?"

எந்த வேகத்தில் அதிகம் ஓட்டுவீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸுக்கே ஒரு மோட்டார் வைத்துக் கிளட்ச் மிதிக்கச் சொல்வது. டிசையரிலும் ஆராவிலும் டிகோரிலும் கிடைக்கிறது, விலை குறைவு, கியர் மாறும்போது தலை லேசாக ஆடும். சிவிடியில் கியர் படிகளே இல்லை, சிட்டி, அமேஸில் வருகிறது. ஊர்ந்து போக இதைவிடச் சுகமானது இல்லை, ஆனால் ஓங்கி மிதித்தால் இன்ஜின் முதலில் கத்தும், கார் பின்னால் வரும். ஓட்டும் ஆசை உள்ளவர்களுக்கு அது எரிச்சல்.

1.0 விர்டஸ், ஸ்லாவியாவில் வரும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக், நம் பக்கத்துக்கு நல்ல சமரசம். நீங்கள் கேட்ட டிசிடி என்பது இரண்டு கிளட்ச் உள்ள கியர்பாக்ஸ், ஃபோக்ஸ்வேகன் அதை டிஎஸ்ஜி என்கிறது. 1.5-ல் வரும் 7 கியர் டிஎஸ்ஜி மின்னல் மாதிரி மாறும். ஆனால் அது எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அடி அடியாக நகர்த்திக்கொண்டே இருந்தால் சூடாகும். முன் வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு கார் இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்று, அப்புறம் ஒரே நகர்வாக நகருங்கள். பின்னால் ஆட்டோ ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

"அம்மாவுக்கு முட்டிவலி. செடான்ல ஏறி இறங்க முடியுமா?"

செடான் தோற்கும் இடம் இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. சீட் தாழ்வு, குனிந்து உட்கார்ந்து, கையை ஊன்றி எழ வேண்டும். பெரிய செடானில் சிட்டிதான் ஓரளவு சுலபம், பின் கதவு அகலமாகத் திறக்கும். வெர்னாவில் அந்த அழகான கூரைச் சரிவு தலையில் இடிக்கும், கொஞ்சம் உயரமானவர் என்றால் கழுத்தை மடக்கி நுழைய வேண்டும். உள்ளே போய்விட்டால் கால் நீட்ட நிறைய இடம்.

அம்மா தினமும் ஏறப்போகிறார் என்றால் அம்மாவைக் கூட்டிப்போய் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒரு முறை எல்லோரும் சமாளிப்பார்கள். வாசல் பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தாமல் ஓரடி தள்ளி நிறுத்தினால் கால் தரையில் ஊன்ற இடம் கிடைக்கும். அதுவும் கஷ்டம் என்றால் மேலே கெத்துக் கேள்வியில் சொன்ன எஸ்யூவியை அம்மாவுக்காக வாங்குங்கள்.

"17 இன்ச் அலாய் போட்டா லுக் மாறிடும்ல? போட்டுக் கொடுங்க."

லுக் மாறும், போட்டும் தருவேன், கேட்டுவிட்டுப் போடுங்கள். விர்டஸின் 205/55 ஆர்16 டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே சுமார் 113 மி.மீ. ரப்பர் இருக்கிறது. 205/50 ஆர்17 போட்டால் அது 103 ஆகும். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் இரும்புத் தகடு மூடிய பள்ளத்தில் ரிம் வளையாமல் காத்துக்கொண்டிருந்தது. என் கடைக்கு வளைந்து வரும் ரிம்களில் ஒல்லி டயர் போட்டவைதான் அதிகம். ரிம் வளைந்தால் ஸ்டியரிங் நடுங்கும், மறுபடி என்னிடம்தான் வருவீர்கள்.

அகலம் கூட்டினால் வளைவில் பிடி கூடும், ஸ்டியரிங்கும் கனக்கும், மைலேஜ் குறையும். பெரிய சக்கரத்துக்கு மட்கார்டை நிரப்பும் அழகு இருப்பது உண்மை. அந்த ஆசைக்குப் பாதி வழி: அதே 16 இன்ச்சில் நல்ல டிசைன் அலாய், நல்ல கம்பெனி டயர். பாதிப் பேர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஓட்டும்போது டயரின் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். டயரில் மிச்சம் பிடித்துவிட்டு ஸ்பாய்லருக்குச் செலவு செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

"கறுப்பு கலர் செடான்தான் கம்பீரம். எடுக்கலாமா?"

மயிலாப்பூரில் இருந்தால் எடுங்கள். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூளும் காலையில் பானெட்டில் படிந்திருக்கும். அதைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கறுப்புப் பெயிண்டில் வட்ட வட்டமாகக் கீறல், வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி தெரியும். முதலில் தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டுத்தான் துணி தொட வேண்டும். சாம்பல் நிறம், வெள்ளி நிறம் எல்லாவற்றையும் மறைக்கும். காசிமேடு, ராயபுரம் கடலோரத்தில் நிறம் எதுவானாலும் உப்புக் காற்று அடித்தகட்டைத் தின்னும், அடிப்பூச்சு போட்டுக்கொள்ளுங்கள்.

"ஐகான் ஓட்டின ஃபீல் இப்ப எந்த கார்லயும் இல்லையே தம்பி. நிஜமா, இல்ல எனக்கு வயசாயிடுச்சா?"

நிஜம்தான் சார். 1999-ல் மறைமலை நகரில் செய்ய ஆரம்பித்த ஃபோர்டு ஐகானில் ஸ்டியரிங்குக்கு உதவியது எண்ணெய் அழுத்தம். ரோட்டின் சொரசொரப்பு சக்கரத்திலிருந்து கைக்கு வரும். இன்றைக்கு எல்லாவற்றிலும் எலக்ட்ரிக் மோட்டார். பார்க்கிங்கில் லேசு, எரிபொருளும் மிச்சம், ஆனால் கைக்கு வரும் சேதி வடிகட்டி வரும். கார் எடை கூடிவிட்டது, சத்தம் அடைத்துவிட்டார்கள். 60-ல் போனாலே 90-ல் போகிற மாதிரி இருந்த கிளர்ச்சி, இப்போது 90-ல் போனாலும் 60 மாதிரி.

அதே சமயம் அந்த ஐகானில் ஆறு ஏர்பேக் இல்லை, மோதினால் தாங்கும் கூடும் இன்று போல இல்லை. விர்டஸ், ஸ்லாவியா, வெர்னா மூன்றும் 2023-ல் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. பழைய சுகத்துக்குப் பக்கத்தில் வர வேண்டுமென்றால் 1.0 ஸ்லாவியா மேனுவல் ஓட்டிப் பாருங்கள். பேரனை ஏற்றிக்கொண்டு பழைய வண்டியில் ஹைவேயில் போகாதீர்கள்.

"ஹைப்ரிட் சிட்டி, சிஎன்ஜி டிசையர்... மைலேஜும் வேணும், ஓட்டவும் நல்லா இருக்கணும். எது?"

2022-ல் வந்த சிட்டி ஹைப்ரிட்டில் பெரும்பாலான நேரம் சக்கரத்தைச் சுழற்றுவது எலக்ட்ரிக் மோட்டார்தான், இன்ஜின் கரண்ட் தயாரிக்கும். கம்பெனி கணக்கில் லிட்டருக்கு 26 கி.மீ.க்கு மேல். நெரிசலில் சத்தமே இல்லாமல் நகர்வது தனி சுகம், மூலக்கடை சிக்னலுக்கென்றே செய்த மாதிரி. பேட்டரிக்காக டிக்கி நிறையக் குறைகிறது, விலையும் அதிகம்.

சிஎன்ஜியில் இழுவை குறையும், எந்தக் கம்பெனியானாலும். டிக்கியைப் பொறுத்தவரை டிகோரில் இரண்டு சின்ன சிலிண்டரைக் கீழே படுக்க வைத்து இடம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். டிகோரில் சிஎன்ஜியோடு ஆட்டோமேட்டிக்கும் கிடைக்கும். ஓட்ட ஆசைப்பட்டு யாரும் சிஎன்ஜி வாங்குவதில்லை, அதனால் அந்த எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள்.

"எனக்கு விர்டஸ், வீட்டுக்காரம்மாவுக்கு அமேஸ். ஒரு வாரமா பேச்சுவார்த்தை இல்ல. நீங்களே சொல்லுங்கண்ணா."

முதலில் வார நாட்களில் யார் ஓட்டுவது என்று சொல்லுங்கள். அவர்தான் பள்ளிக்கூடம், மார்க்கெட், பெரம்பூர் சந்து என்று ஓட்டுகிறார் என்றால் அமேஸ் சிவிடி எடுங்கள். 4 மீட்டருக்குள் அடங்குவதால் திருப்புவது சுலபம், டிக்கி 416 லிட்டர், முதல் கேள்வியில் சொன்ன வரி வித்தியாசமும் விலையில் தெரியும். 2024 டிசம்பரில் வந்த புது அமேஸ் முன்பு இருந்ததைவிட முகத்தில் நிறையத் தேறியிருக்கிறது, விர்டஸ் பக்கத்தில் நிறுத்தினால் மட்டும் மூக்கு கொஞ்சம் குட்டையாகத் தெரியும்.

நீங்கள்தான் தினமும் அம்பத்தூரோ ஸ்ரீபெரும்புதூரோ போய் வருகிறீர்கள் என்றால் விர்டஸ் 1.0. ஆனால் அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். மாதவரம் ரவுண்டானா வரை சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்னால் உட்காருங்கள்.